கோடையில் வெளிநாட்டுக் கிராமப் பள்ளிக்குப் போய் வந்தவர்கள் எழுதுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். நேபாளத்தில் நுவாகோட் மாவட்டத்தில் தமாங் இன மக்கள் வாழும் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஜூன், ஜூலையில் தன்னார்வலராகப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படி அழைத்துப்போகும் ஏஜென்சிகளின் விளம்பரத்தில் கோடை என்று போட்டிருப்பார்கள். அது ஐரோப்பா, அமெரிக்காவின் கோடை. நேபாள மலையில் ஜூன் பாதியில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. காட்மாண்டுவிலிருந்து திரிசூலி பஜார் 70 கிலோமீட்டர் போலத்தான் இருக்கும், ஆனால் பஸ் ககனி மேட்டில் ஏறி வளைந்து வளைந்து இறங்கும், நடுவில் மண் சரிந்துவிட்டால் எல்லோரும் இறங்கி நின்று டோசர் வரும்வரை டீ குடிக்க வேண்டியதுதான். மழையில் ஒட்டிக்கொள்ளும் அட்டைப்பூச்சிக்கு உப்புப் பொட்டலம் பையிலேயே இருக்கட்டும்.

வகுப்புக்கு வருகிறேன். எனக்குச் சொன்னது நாலாம் வகுப்பு ஆங்கிலம். அந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது தமாங், பாடப்புத்தகம் நேபாளியில், அதற்கும் மேல் மூன்றாவதாக ஆங்கிலம். வெளியிலிருந்து வந்த ஒருவர் நின்றுகொண்டு ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே விளக்கினால் அது எங்கே போய்ச் சேரும், யோசித்துப் பாருங்கள். 2015 அரசியலமைப்பு தாய்மொழியில் கல்வி பெறும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. ஆனால் 2021 கணக்கெடுப்பில் 124 தாய்மொழிகள் பதிவாகியிருக்கும் நாடு அது, அத்தனை மொழிக்கும் புத்தகமும் ஆசிரியரும் வேண்டுமே.

தலைமை ஆசிரியர் விவரமானவர். முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்: நீங்கள் போன பிறகும் இந்த வகுப்பில் நிற்கப்போவது எங்கள் மிஸ்தான், அதனால் கரும்பலகைப் பக்கம் போகாமல் மிஸ் பக்கத்தில் உட்காருங்கள். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சரியான அறிவுரை அதுதான் என்று நினைக்கிறேன். அந்த மிஸ்ஸுக்கு ஆங்கிலம் வாசிக்கவும் எழுதவும் நன்றாகவே வரும், பேசிப் பார்க்க ஆள்தான் கிடையாது. சாயங்காலம் பள்ளி விட்டதும் அடுத்த நாள் பாடத்தை இருவரும் எடுத்து வைத்துக்கொள்வோம். நான் வாசிப்பேன், அவர் போனில் பதிவு செய்துகொள்வார், அப்புறம் அவர் வாசிப்பார். நான் வேகமாகப் போனால் நிறுத்துவார். இந்த உதாரணம் இவர்களுக்குப் புரியாது, இங்கே யாரும் ரயிலைப் பார்த்ததில்லை, வேறு சொல்லுங்கள் என்பார். அவர் சொல்லாமல் எனக்கு அது தோன்றியே இருக்காது.

வகுப்பில் நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில் சும்மா பேசிக்கொள்வோம், மழையைப் பற்றி, ஆடு தொலைந்ததைப் பற்றி. பாடமாக ஒப்பிக்கத்தான் ஆங்கிலம் என்றிருந்த பிள்ளைகள், தங்கள் மிஸ் அதில் சிரித்துப் பேசுவதைப் பார்த்துக் குறுக்கே புகுந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். இலக்கணம் எல்லாம் இல்லை. ஆடு எங்கே? யார் ஆடு? அவ்வளவுதான், ஆனால் ஒப்பித்த வாக்கியம் இல்லை, அவர்களாகக் கேட்டது.

அசார் மாதம் 15, அதாவது ஜூன் கடைசியில், பள்ளி காலி. நாற்று நடும் நாள், தயிரும் அவலும் சாப்பிட்டுவிட்டு ஊரே வயலில் இறங்கிவிடும். பெண்கள் பாடிக்கொண்டே நடுவார்கள், நடுநடுவே சேற்றை வாரி அடிப்பார்கள், விருந்தாளிக்குக் கொஞ்சம் அதிகமாகவே விழும். நான் நட்ட வரிசையை நான் தங்கியிருந்த வீட்டு தீதீ (அக்கா) பின்னாலேயே வந்து சத்தமில்லாமல் சரிசெய்துகொண்டு வந்தார். என்னிடம் வகுப்பில் வாயே திறக்காத பையன் ஒருவன் அன்று எனக்கு நாற்றை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று முழு நேரமும் அதட்டிக்கொண்டே இருந்தான். மறுநாளிலிருந்து வகுப்பிலும் அதே குரல்தான்.

—

அண்ணா, நான் சிங்கப்பூர். கல்லூரியிலிருந்து ஜூன் விடுமுறையில் ஒரு குழுவாகக் கம்போடியாவில் சியெம் ரீப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். வகுப்பை எடுத்துக்கொள்ளாமல் ஆசிரியர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் எல்லா இடத்திலும் அப்படியே பொருந்தாது. அங்கே கிராமப் பள்ளிகள் பலவற்றில் இரண்டு ஷிப்ட், காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம். பாதி நாள் பிள்ளைகள் சும்மாதான் இருப்பார்கள். அந்தப் பாதி நாளில் நாங்கள் வகுப்பு வைத்தோம். யாருடைய நேரத்தையும் பிடுங்கவில்லை.

கலாச்சாரப் பரிமாற்றம் என்று நிரலில் ஒரு மாலையை ஒதுக்கியிருந்தார்கள். நாங்கள் ஆடினோம், ஊர்க்காரர்கள் மரியாதைக்குக் கைதட்டினார்கள். நிஜமாகப் பழகியது தினமும் சாயங்காலம் வாலிபால் ஆடும் இடத்தில். அங்கே ஆண்கள் வெறியாக ஆடுவார்கள், எங்களில் உயரமான ஒருத்தியை இரண்டு அணியும் கேட்டுச் சண்டை போட்டது.

எங்களை அழைத்துப்போனவர்கள் ஒரு நாள் அனாதை இல்லத்துக்கும் கூட்டிப்போனார்கள், பிள்ளைகள் வரிசையாக நின்று பாடினார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள் என்று யுனிசெஃப் பல வருடங்களாகச் சொல்லி வருகிறது. பார்க்க ஆள் வர வர இல்லங்கள் கூடுகின்றன. நேபாளத்திலும் இதே கதை என்று படித்தேன், உண்மையா? அப்புறம் எனக்கு அடுத்த வருடம் நேபாளம் போக ஆசை, விசா எப்படி?

—

உண்மைதான் தங்கச்சி. நேபாளத்திலும் அந்த இல்லங்கள் பெரும்பாலும் காட்மாண்டு, போகரா, சித்வன் என்று சுற்றுலாக்காரர்கள் போகும் இடங்களில்தான் குவிந்திருக்கின்றன. ஏழ்மை அதிகமுள்ள தூரத்து மலை மாவட்டங்களிலிருந்து, படிக்க வைக்கிறோம் என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டிவருகிறார்கள். பள்ளிக்குப் போ, இல்லத்துக்குப் போகாதே என்பதுதான் என் கணக்கு.

விசா விஷயத்தில் உஷார். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் விசாவே வேண்டாம், அதனால் எனக்குத் தொந்தரவு இல்லை. உனக்கு விமான நிலையத்திலேயே சுற்றுலா விசா கிடைக்கும், நான் விசாரித்தபோது 30 நாளுக்கு 50 டாலர். ஆனால் அந்த விசாவில் சம்பளமில்லாத வேலைகூடச் செய்யக்கூடாது, அது விதி. ஏஜென்சிகள் இதைச் சொல்வதே இல்லை, எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள் என்று மழுப்புவார்கள். மாட்டினால் அபராதம் கட்டுவது நீ, அவர்கள் இல்லை. எந்த விசாவில் அழைக்கிறீர்கள், நான் கட்டும் பணத்தில் தங்கும் வீட்டுக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேள். பதில் சுற்றி வளைத்து வந்தால் வேறு இடம் பார்.

நாள் பார்ப்பதென்றால் மே மாதம் பரவாயில்லை. அவர்கள் பள்ளி ஆண்டு ஏப்ரல் பாதியில், பைசாக் மாதத்தில் தொடங்கும், முதல் சில வாரம் சேர்க்கை, புத்தகம் என்று போய்விடும், மே பாதிக்குள் வகுப்பு ஓட்டத்துக்கு வந்துவிடும், மழையும் இன்னும் பிடித்திருக்காது. ஜூனில்தான் உனக்கு விடுமுறை என்றால் முழங்கால்வரை மூடும் சாக்ஸ் நிறைய எடுத்துக்கொள், அங்கே ஒன்றுகூடக் காயாது.