மரம் வெட்டற ஹார்வெஸ்டர் மெஷின் மணிக்கு எவ்ளோ வெட்டுது? மூணு கணக்கு மூணு பதில், உதவுங்க

தீசிஸ்காரன்:
ஸ்வீடன்ல ஸ்மோலாண்ட் பக்கம் ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மரம்) காட்டுல தின்னிங், அதாவது நெருக்கமா நிக்கற மரத்துல கொஞ்சத்தை வெட்டிக் களைக்கற வேலை நடக்குது, ஹார்வெஸ்டர் ப்ரொடக்டிவிட்டி அளக்கறதுதான் என் தீசிஸ். நேத்து ஸ்டாப்வாட்ச் வச்சு 58 நிமிஷம் பாத்தேன், 120 மரம், மரத்துக்கு 0.12 கன மீட்டர்னு வச்சா 14.4 கன மீட்டர் வருது. நடுவுல செயின் கழண்டு 9 நிமிஷம், ஆபரேட்டர் போன்ல 4 நிமிஷம். அதைக் கழிச்சா மணிக்கு 19.2, கழிக்காட்டி 14.9. கான்ட்ராக்டர் என்னடான்னா "9 மணி நேரம் காட்டுல இருந்தோம், 105 கன மீட்டர் வந்துச்சு, மணிக்கு 11.7 தான்"னு சிரிக்கிறார். மதியம் ஹைட்ராலிக் ஹோஸ் வெடிச்சு 1 மணி 20 நிமிஷம் போச்சு, சாப்பாடு 40 நிமிஷம். எதை எழுதறது?

பழைய ஆபரேட்டர்:
மூணுமே சரிதான் தம்பி, வகுக்கற மணி நேரம்தான் வேற வேற. நிறுத்தமே இல்லாத நேரத்தை அங்க ஜி0ன்னு சொல்வாங்க, உன் 19.2 அது. 15 நிமிஷத்துக்குள்ள முடியற நிறுத்தத்தையும் சேத்தா ஜி15. செயினும் போனும் அதுக்குள்ள அடங்கிடும், ஹோஸ் வெளிய. கான்ட்ராக்டர் எல்லாத்தையும் சேத்துத்தான் வகுப்பார், மெஷின் நின்னாலும் லோன் தவணை நிக்காதே.

கட்டைவிரல்:
ப்ரோ அந்த 0.12 எங்கேர்ந்து எடுத்தீங்க? மர சைஸ் சொல்லாம நம்பர் மட்டும் குடுத்தா யூஸே இல்ல, 0.12 மரத்தை க்ரேன் எட்டிப் பிடிக்கவும் 0.3 மரத்தை பிடிக்கவும் ஏறக்குறைய அதே நேரம்தான், ஆனா கட்டை ரெண்டரை மடங்கு.

தீசிஸ்காரன்:
வெட்டறதுக்கு முன்னாடி எடுத்த சர்வே லிஸ்ட்ல இருந்து.

கட்டைவிரல்:
அதான் சிக்கல். அது பட்டை, நுனி எல்லாம் சேந்த அளவு. கான்ட்ராக்டரோட 105 மெஷின் கம்ப்யூட்டர் குடுத்தது, பட்டை இல்லாத கட்டை மட்டும். ரெண்டையும் பக்கத்துல வச்சு பாக்கவே கூடாது. மெஷின்லேர்ந்து எச்பிஆர் ஃபைல் (வெட்டினதை மெஷினே பதிஞ்சு வைக்கற ஃபைல்) வாங்குங்க, ஒவ்வொரு மரமும் எப்ப வெட்டினாங்க, எவ்ளோ கட்டைன்னு அதுலயே இருக்கும். கூடவே மரத்தைப் பிடிச்சு வெட்டற மெஷினோட தலைப்பகுதி கட்டையோட விட்டத்தை சரியா காட்டுதான்னு பத்து கட்டைய கேலிப்பர் வச்சு செக் பண்ணிடுங்க.

தீசிஸ்காரன்:
ஃபைல் கெடச்சுது. அதே 120 மரம் 12 கன மீட்டர்தான். ஜி0 16, ஜி15 12.4. ஆனா ஹோஸ், சாப்பாடு கழிச்சு 7 மணி நேரத்துக்கு 105ன்னா மணிக்கு 15 வருதே?

பழைய ஆபரேட்டர்:
செயின் கழண்ட மணி நேரத்துலயா போய் வாட்ச் புடிச்ச. குறைஞ்சது மூணு நாளாவது உக்காரு.