மிச்சமான ஒரிஜினல் ஸ்பேர்: பரணிலா, காயலான் கடைக்கா?

திருச்சி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3

என் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைச் சீர்செய்யும் வேலை ஒருவழியாக முடிந்து வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. கூடவே பட்டறையிலிருந்து கோணிப்பைகளும் வந்து சேர்ந்தன. கழற்றி மாற்றியதெல்லாம் அதற்குள் இருக்கிறது: பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ, அந்தச் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்டவுட் பெட்டி, குரோம் போய்ப் புள்ளி விழுந்த கைப்பிடிகள், பின் கதவில் கண்ணாடி ஏற்றி இறக்கும் மெஷின், கதவு, கண்ணாடி ஓரத்தில் வரும் இறுகிப்போன பீடிங் ரப்பர், பழைய கார்புரேட்டர், ஓட்டை விழுந்த சைலன்சர்கூட. "எல்லாம் ஒரிஜினல் சார், போட்டுடாதீங்க" என்று மெக்கானிக் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டில் இருப்பது ஒரே பரண், அதிலும் பாதி கொலுப்படிக்கு. எதை வைத்துக்கொள்வது, எதைக் காயலான் கடைக்குப் போடுவது? இந்த நிலையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

சென்னை, ஹெரால்டு மார்க் 3

பின் கதவு மெஷினை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள் சார். நம் வண்டிக்கு மூலமான டிரையம்ப் ஹெரால்டு இங்கிலாந்தில் ஸலூன், கூப்பே, எஸ்டேட் என்று பல உருவத்தில் வந்தாலும் பயணிகளுக்கு இரண்டு கதவுதான். 1961-ல் சென்னையில் தயாராக ஆரம்பித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும் முதலில் அப்படித்தான் இருந்தது. நாலு கதவு வந்தது 1968-ல், மார்க் 3-ல். அது முழுக்க நம் ஊர்ச் சரக்கு.

இங்கிலாந்தில் இன்றைக்கும் ஹெரால்டுக்கு ஸ்பேர் செய்து விற்கிறார்கள். 948 சிசி எஞ்சினுக்கு கேஸ்கெட், பிரேக் சிலிண்டர் கிட், கிளட்ச் பிளேட் எல்லாம் காசும் கஸ்டம்ஸ் வரியும் கட்டினால் வீடு தேடி வரும். ஆனால் பின் கதவுக்கு உள்ளே இருப்பதை அங்கே யாரிடம் கேட்பீர்கள்? அவர்களிடம் அந்தக் கதவே கிடையாது.

எனக்குப் பின் கதவுக் கைப்பிடி ஒன்று தேவைப்பட்டபோது புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் ஃபியட் கைப்பிடியை எடுத்து வைத்து, "இத ஃபைல் பண்ணிப் போட்டுக்கலாம் சார்" என்றார். கடைசியில் வேலூர்ப் பக்கம் ஒருவரிடம் இருந்தது. அவருடைய வண்டியை எப்போதோ உடைத்துவிட்டார்கள், பின் கதவுகளை மட்டும் மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தார். பணம் வேண்டாம், ஒரு வைப்பர் மோட்டார் இருந்தால் கொடுங்கள் என்றார். நல்லவேளை, என்னிடம் ஒன்று சும்மா கிடந்தது.

ஒரிஜினலா இல்லையா என்று யோசிப்பதை விட்டுவிட்டு, திரும்பக் கிடைக்குமா என்று யோசித்தால் உங்கள் கோணிப்பையில் பாதி காலியாகிவிடும்.

சேலம், பிரீமியர் பத்மினி

என் கருத்து கொஞ்சம் கசக்கும். சைலன்சர், பீடிங், பழைய பிரேக் ஹோஸ், டயர், ஃபேன் பெல்ட் எல்லாவற்றையும் இன்றைக்கே போடுங்கள். ரப்பருக்கு வயது உண்டு, பெட்டியில் வைத்தாலும் அது இறுகிக்கொண்டேதான் இருக்கும். "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று வைத்த பழைய பிரேக் ஹோஸை யாராவது நிஜமாகவே அவசரத்துக்குப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? பழைய பிரேக் ஷூ லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். அதை ஊதித் தட்டித் துடைத்து அழகு பார்க்க வேண்டாம்.

பொள்ளாச்சி, அம்பாசிடர் மார்க் 2

நான் அம்பாசிடர் வாங்கப் போன இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வண்டி சுத்தமாக இருந்தது, ஆனால் உள்ளே டீசல் எஞ்சின். டீசல் மலிவாக இருந்த காலத்தில் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் ஏற்றியவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். விலை பேசி முடித்துவிட்டு, சும்மா ஒரு பேச்சுக்கு, "பழைய எஞ்சின் என்னாச்சுங்க?" என்று பெரியவரிடம் கேட்டேன். மாட்டுக்கொட்டகையைக் கைகாட்டினார்.

தீவனச் சாக்குகளுக்குப் பின்னால் மரக்கட்டை மேல் உட்கார்ந்திருந்தது, 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். மேலே போட்டிருந்த கோணி மக்கிப்போய்க் கையோடு வந்தது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பிளாக்கைத் துடைக்கத் துடைக்க எண் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பழைய ஆர்.சி. புத்தகத்தை எடுத்துவரச் சொன்னேன். அதில் முதல் எஞ்சின் நம்பரைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் டீசல் எஞ்சின் நம்பரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அடித்த நம்பரும் பிளாக்கில் இருந்த நம்பரும் ஒன்று.

எஞ்சின் ஜாம் ஆகியிருந்தது. பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டோம். போகும்போது வரும்போதெல்லாம் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை மாட்டி லேசாக அழுத்திப் பார்ப்போம். ஒருநாள் அரை அங்குலம் நகர்ந்தது. அப்புறம் சிலிண்டரைக் குடைந்து சீராக்கும் ரீபோர், புது பிஸ்டன், வழக்கமான செலவுதான்.

இரும்பு விலைக்குப் போட்டிருந்தால் அவருக்கு அன்றைக்குச் சில ஆயிரம் கிடைத்திருக்கும், அவ்வளவே. எனக்கு அந்த எஞ்சின் இருந்ததால்தான் வண்டியையே வாங்கினேன். நம்பர் அடித்த எதையும் இரும்பாகப் பார்க்காதீர்கள் என்பதே என் கட்சி. சேஸிஸ் நம்பர் தகடு கழன்று கையில் இருந்தால் அதைக் காயலான் கடைக்கும் போடாதீர்கள், தெரிந்தவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். எந்த வண்டியில் போய் ஏறும் என்று சொல்ல முடியாது.

மதுரை, ஃபியட் 1100 டிலைட்

கெட்டுப்போன பாகத்தையும் ஏன் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு என் அனுபவம். டிலைட்டின் கண்ணாடி சுற்றும் மெஷினில் பல் தேய்ந்து கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. கடையில் கிடைத்த லோக்கல் அயிட்டம் கதவில் உட்காரவே இல்லை, போல்ட் ஓட்டை கொஞ்சம் தள்ளி இருந்தது. ஒரு நண்பர் தூக்கிப் போடாமல் வைத்திருந்த உடைந்த மெஷினை வாங்கிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனேன். "சாம்பிள் இல்லாம வராதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன், நீங்கதான் கொண்டு வந்திருக்கீங்க" என்றார் மேஸ்திரி. என்னுடையதில் தேயாத பல் ஒரு பக்கம், நண்பருடையதில் தேயாத பல் இன்னொரு பக்கம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, வெர்னியரால் அளந்து, புதுப் பல்சக்கரம் வெட்டிக் கொடுத்தார். இப்போது ஒரு விரலால் சுற்றலாம்.

அதனால் தேய்ந்தது, உடைந்தது என்று ஒதுக்க வேண்டாம். லேத்காரருக்கு அளவு தெரிந்தால் போதும். கதவு பாகங்களில் இடது வலது மாறும் என்பதால் பக்கத்துக்கு ஒன்று வேண்டும்.

டைனமோ பற்றி: அதற்குப் பதிலாக, கூடுதல் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இரவில் ஹெட்லைட்டோடு ஓட்டுபவருக்கு அதுதான் சரி. நானும் மாற்றிவிட்டேன். ஆனால் கட்டவுட் பெட்டியைக் கோணியில் போடாமல் பழைய இடத்திலேயே மாட்டி வைக்கலாம். உள்ளே இணைப்பை மாற்றிவிட்டு மூடியைப் போட்டால் பானெட் திறந்து பார்ப்பவருக்கு எல்லாம் இருந்தபடி இருக்கும். மூளையுள்ள எலக்ட்ரீஷியன் வேண்டும், அவ்வளவுதான். டைனமோவை மட்டும் துடைத்துப் பரணில் ஏற்றுங்கள்.

"பத்மினி ஸ்பேர்தானே, எங்கும் கிடைக்கும்" என்று பலர் சொல்வார்கள், டிலைட்தான் பின்னால் பத்மினி என்று பெயர் மாறியது. மும்பையின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரோடு ஓய்ந்துவிட்டன. தினமும் ஓடிய வண்டிகள் அவை. அவற்றை நம்பி ஸ்பேர் செய்தவர்கள் இனி எத்தனை நாள் செய்வார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி, வண்டி எதுவும் இப்போது இல்லை

என் சித்தப்பா மோரிஸ் வைத்திருந்தார். அவர் காலமான பிறகு ஸ்டோர் ரூமைத் திறந்தால் தகர டப்பாக்கள் வரிசையாக நிற்கின்றன. எது எந்த வண்டிக்கு, நல்லதா கெட்டதா, ஒருவருக்கும் தெரியாது. சீட்டு ஒட்டித்தான் வைத்திருந்தார், எல்லாவற்றையும் பூச்சி தின்றுவிட்டது. வண்டியை வாங்க வந்தவருக்கு டப்பாக்களைப் பிரித்துப் பார்க்கப் பொறுமை இல்லை. மொத்தமும் எடைக்குப் போனது.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எதை எடுத்து வைத்தாலும் தகரத் துண்டில் பஞ்ச்சால் எழுத்து அடித்துக் கம்பியில் கட்டுகிறோம். கண்ணாடி என்றால் படுக்கப் போடக் கூடாது, நிறுத்தி வைக்க வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோல் ஒரு சொட்டுக்கூட இல்லாமல் வடித்து, காயவைத்து, ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். குரோம் சாமானுக்கு வாசலின் தடவிக் காகிதத்தில் சுற்றினால் போதும். பரணில் வெயில் காலத்தில் நல்ல சூடு ஏறும், பிளாஸ்டிக் லென்ஸ் வளைந்துவிடும். அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள்.

திருச்சி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3

எல்லோருக்கும் நன்றி. ரப்பரும் சைலன்சரும் நாளைக்கே போகின்றன. பின் கதவுச் சாமான் முழுக்க இருக்கட்டும். இன்னொரு சந்தேகம்: விண்டேஜ் பதிவு, அதாவது பழங்கால வண்டி என்று ஆர்.டி.ஓ.வில் தனியாகப் பதிவு செய்ய நினைக்கிறேன். ஆல்டர்னேட்டர் போட்டது இடைஞ்சலாகுமா?

பொள்ளாச்சி, அம்பாசிடர் மார்க் 2

2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லாமல் ஒரிஜினல் வடிவில் இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் அந்த மூன்றில் எதிலும் நேராக வராது, ஆனாலும் வண்டியைப் பார்த்து முடிவு சொல்வது மாநிலக் குழு. பார்வைக்குக் கொண்டுபோகும் நாளில் டைனமோவை மாட்டிக்கொண்டு போனால் கேள்விக்கே இடமில்லை. நான் அப்படித்தான் செய்வேன். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், நம்பரில் வி.ஏ. என்று வரும். ஆனால் அப்புறம் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு தினமும் ஆபீஸ் போக முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பட்டறைக்கு என்று மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம். நீங்கள் குடும்பத்தோடு ஸ்ரீரங்கம் போய்வர நினைத்துத்தான் வண்டியைச் சரிசெய்தீர்கள் என்றால், பழைய ஆர்.சி.யையே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.