பந்தல் அவரைக் குழிக்கு இரண்டு கூடை ஆட்டு எருவா?

கரிசல்காட்டான்:
நம் மன்றத்தின் கொடிக் காய்கறி இழையில் செம்மண்சீமை நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. முதன்முதலாகப் பந்தல் போடும் ஒரு பெண், அவரைக்கு மண்ணை எப்படித் தயார் செய்வது என்று கேட்டார். இவர் சொன்ன பதில்: "ஒன்றரை அடிக் குழி எடுங்கள், இரண்டு கூடை ஆட்டு எருவைக் கொட்டி மூடுங்கள், மூன்று விதை ஊன்றுங்கள், காய் கொட்டும்."

ஒரு குழிக்கு இரண்டு கூடை! அவரைக்கா, வாழைக்கா?

அவரை பயறு வகை. அதன் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். முளைத்து மூன்று நான்கு வாரத்தில் ஒரு செடியைப் பிடுங்கி, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. மண்ணில் ஏற்கெனவே தழைச்சத்து மிதமிஞ்சிக் கிடந்தால் செடி முடிச்சே ஒழுங்காகக் கட்டாது. தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் 0.5 சதவீதம், ஆட்டு எருவில் சுமார் 3 சதவீதம். ஆறு மடங்கு. அதை இரண்டு கூடை கொட்டினால் கொடி கொழுத்து வளரும், அசுவினிப் பூச்சி அடையாக அப்பும், காய் மட்டும் வராது.

நான் செய்வது இதுதான். ஆடிக்கு முன்பே நீளம், அகலம், ஆழம் எல்லாம் ஒரு அடியாகக் குழி எடுத்து, மேல்மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் குவித்துப் பத்து நாள் வெயிலில் ஆறப் போடுவேன். பிறகு மேல்மண்ணோடு பத்து கிலோ மக்கிய தொழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்புவேன். ஒரு தண்ணீர் விட்டு, மண் அமர்ந்த பிறகு விதை. அவ்வளவுதான்.

செம்மண்சீமை:
அண்ணே, கரிசலில் உட்கார்ந்துகொண்டு என் மண்ணுக்குச் சட்டம் போடாதீர்கள். நான் இருப்பது சிவகங்கைப் பக்கம். மேலே செம்மண், ஒரு அடிக்குக் கீழே சரளை. குடம் குடமாக ஊற்றினாலும் மறுநாள் ஈரம் இருக்காது. உங்கள் ஒரு அடிக் குழியில் என் கொடி வேர் எங்கே போகும்? சரளையிலா?

எங்கள் பக்கம் கீதாரிகள், அதாவது ஆடு மேய்ப்பவர்கள், வயலில் மந்தையை அடைத்துக் கிடை போட்டு வளர்த்த மண். ஆட்டு எரு அந்த வருடமே பேசும், மாட்டு எரு மறு வருடம்தான் பேசும் என்பது எல்லோரும் அறிந்தது. என் அப்பா காலத்திலிருந்து குழிக்கு இரண்டு கூடைதான். தை மாதத்தில் வீட்டுக்குப் போகச் சந்தைக்கும் காய் போயிருக்கிறது.

மொட்டைமாடி:
வணக்கம். ஒரு சின்ன சந்தேகம். கூடை என்றால் எத்தனை கிலோ? எங்கள் வீட்டில் இருக்கும் கூடையில் நாலு கிலோகூடப் பிடிக்காது.

கரிசல்காட்டான்:
செம்மண்ணைப் பற்றி எனக்குப் பாடம் வேண்டாம். என் அம்மா பிறந்த ஊரே செம்மண். மண் ஈரம் பிடிக்கவில்லை என்றால் கண்மாய் வண்டலை இரண்டு சட்டி கலந்து போடுங்கள், மேலே சருகு மூடாக்கு போடுங்கள். ஈரத்துக்கு எருவைக் கொட்டுவது என்ன கணக்கு? இரண்டு கூடை என்பது இரண்டு கூடைதான். அதற்குப் பதில் சொல்லுங்கள். அப்பா செய்தார் என்பது பதில் ஆகாது.

மலைத்தோட்டம்:
நான் கொடைக்கானல் மேல்மலை. இங்கே கொடி பீன்ஸுக்கு எருவை விட முதல் பிரச்சினை மண்ணின் புளிப்பு. விதைப்பதற்கு முன்பே சுண்ணாம்பு தூவிக் கொத்தி விடாவிட்டால் எந்த எரு போட்டும் பயனில்லை, ரைசோபியமும் அந்தப் புளிப்பில் நன்றாகப் பெருகாது. இன்னொன்று, பீன்ஸ் தழைச்சத்தைப் பிடிப்பதில் அவரை அளவுக்குக் கெட்டிக்காரச் செடி இல்லை. எரு கொடுத்தே ஆக வேண்டும். பயறு வகை என்றாலே எரு வேண்டாம் என்று பொதுவாகச் சொல்வது தவறு.

கரிசல்காட்டான்:
மலைத்தோட்டம் ஐயா, தலைப்பைப் படித்தீர்களா? பந்தல் அவரை. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த பீன்ஸை இங்கே யார் கேட்டார்கள்? என் கரிசலில் ஏற்கெனவே சுக்கான்கல், அதாவது சுண்ணாம்புக் கல் கிடக்கிறது, அதன் மேல் சுண்ணாம்பும் தூவச் சொல்கிறீர்களா? எரு வேண்டாம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. பத்து கிலோ தொழு உரம் என்று எழுதியிருக்கிறேன். இரண்டு கூடை ஆட்டு எரு வேண்டாம் என்கிறேன்.

மலைத்தோட்டம்:
எங்கிருந்து வந்தால் என்ன? நீங்கள் தினமும் குழம்பில் போடும் மிளகாயும் அங்கிருந்து வந்ததுதான்.

வேலியோரம்:
நான் மூக்குத்தி அவரைக்குப் போன வருடம் இரண்டு கூடை ஆட்டு எரு போட்டேன். வேலி முழுக்கக் காய். கரிசல்காட்டான் சொல்வதுபோல் ஒன்றும் ஆகவில்லை.

கரிசல்காட்டான்:
மூக்குத்தி அவரை அவரையே இல்லை! பெயரில் அவரை இருந்தால் போதுமா? அது நித்திய வழுதனை, சர்க்கரைவள்ளிக்கிழங்குக் குடும்பம். வேரில் முடிச்சே கிடையாது. அதற்கு மூன்று கூடை போட்டாலும் எனக்குக் கவலை இல்லை. இதைத்தான் சொல்கிறேன், செடி எதுவென்று தெரியாமல் ஆளாளுக்குச் சாட்சி சொல்ல வந்துவிடுகிறீர்கள்.

வேலியோரம்:
அந்த விதையை மூக்குத்தி அவரை என்று உறையில் எழுதி அனுப்பியதே நீங்கள்தான். பதிலுக்கு நான் அனுப்பிய சிறகு அவரை விதை கிடைத்ததாக இன்று வரை ஒரு வார்த்தை எழுதவில்லை.

கரிசல்காட்டான்:
கிடைத்தது. முளைக்கவில்லை. அதனால் எழுதவில்லை.

வேலியோரம்:
சிறகு அவரை விதைத் தோல் கெட்டி, இரவு முழுக்க ஊறப் போடாமல் ஊன்றினால் முளைக்காது என்று சீட்டில் எழுதித்தான் அனுப்பினேன். படித்திருக்க மாட்டீர்கள்.

மொட்டைமாடி:
கூடைக்கு எத்தனை கிலோ என்று யாராவது சொல்லுங்களேன். அப்புறம், எரு மக்கியதா, பச்சைப் புழுக்கையா? எனக்குக் கோ 14 என்ற ரகச் செடி அவரை விதை கிடைத்திருக்கிறது. அதற்கும் இதே அளவுதானா?

பனிக்காலம்:
ஒரு விஷயத்தை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். நாட்டுப் பந்தல் அவரை பகல் குறைந்தால்தான் பூக்கும். குறுந்தொகையிலேயே கொழுங்கொடி அவரை பூப்பது அச்சிரத்தில், அதாவது முன்பனிக் காலத்தில். ஆடியில் விதைத்தால் ஐப்பசி, கார்த்திகை வரை இலைதான். அதற்கு எருவைப் பழி சொல்லக் கூடாது. கரிசல்காட்டான், காய் வராது என்று இவ்வளவு அடித்துச் சொல்கிறீர்களே, நீங்கள் ஆட்டு எரு போட்டுப் பார்த்ததுண்டா?

கரிசல்காட்டான்:
போட்டுப் பார்க்காமலா பேசுகிறேன்? நாலு வருடத்துக்கு முன் பக்கத்துத் தோட்டக்காரர் பேச்சைக் கேட்டு இரண்டு கூடை போட்டேன். பந்தல் வளைகிற அளவுக்கு இலை. ஆறு மாதம் ஒரு பூ இல்லை. என் வீட்டுக்காரி தினமும் பந்தலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள். அந்த வலி எனக்குத்தான் தெரியும்.

செம்மண்சீமை:
எந்த மாதம் விதைத்தீர்கள்?

கரிசல்காட்டான்:
மாசி.

செம்மண்சீமை:
மாசியில் விதைத்தால் ஆடி வரை பகல் நீளம். எந்த எரு போட்டாலும், போடாவிட்டாலும் நாட்டு அவரை பூக்காது. இந்த ஒரு பந்தலை வைத்துக்கொண்டுதான் நாலு வருடமாக எல்லா இழையிலும் ஆட்டு எருவைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்களா? கத்தரிக்காய் இழையிலும் இப்படித்தான் வந்தீர்கள்.

கரிசல்காட்டான்:
கத்தரிக்காயை இங்கே இழுக்காதீர்கள். அங்கேயும் நான் சொன்னதுதான் நடந்தது.

விதைக்கும் பட்டம் தப்பினால் பூ தள்ளிப் போகும், எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தக் கொடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தேன். முடிச்சு விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தது. அடுத்த ஆடியில் அதே தோட்டத்தில், வேறு குழியில், தொழு உரம் மட்டும் போட்டேன். வேரெல்லாம் முடிச்சு. முடிச்சைக் கெடுத்தது பகல் வெளிச்சமா? இரண்டு கூடை எரு!

இன்னொன்றும் கேளுங்கள். கரிசலில் ஒன்றரை அடிக் குழியை எருவால் நிரப்பினால், எரு மக்கி அமர்ந்து குழி பள்ளமாகிவிடும். ஐப்பசி மழையில் அது கிணறு. சுற்றிலும் களிமண், தண்ணீர் வடிய வழியில்லை, மூன்றாம் நாள் தூர் அழுகிவிடும். அதனால்தான் குழியைத் தரைமட்டத்துக்கு மேல் ஒரு சாண் மேடாக நிரப்பி, சுற்றி வடிகால் வெட்டச் சொல்கிறேன். அந்தப் பெண்ணின் மண் கரிசலா, செம்மண்ணா என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்காமல் இரண்டு கூடை என்று எழுதிவிட்டீர்கள். ஆசையாகப் பந்தல் போடுகிற பிள்ளை, முதல் வருடமே அழுகிப் போனால் மறுபடி மண்வெட்டியைத் தொடுமா?

செம்மண்சீமை:
நீங்களும் அவரிடம் கேட்கவில்லை. நேரே என்னைத் திட்ட இழை திறந்துவிட்டீர்கள்.

கரிசல்காட்டான்:
இரண்டு கூடை என்று எழுதியது நான் இல்லை.