100 கொடுத்தால் டிரைவர் கைக்கு 75 போகிறதா?

ஸ்டியரிங்:
ஆப்ல புக் பண்ற டாக்ஸி டிரைவருக்கு டிப்ஸ் கொடுக்கணுமா வேண்டாமான்னு நேத்து இங்கே ஓடின பேச்சுல கணக்குப்பிள்ளை சார் ஒரு வரி எழுதிட்டுப் போயிருந்தார்: "ஆப் கம்பெனி எடுப்பது 25 சதவீதம்தான். நீங்கள் 100 கொடுத்தால் 75 டிரைவருக்கு. அப்புறம் எதற்கு டிப்ஸ்?" ராத்திரி பூரா ஓட்டிட்டு வந்து இதைப் படிச்சேன், வந்த தூக்கமும் போச்சு. ஆறு வருஷமா ஓட்டறேன். அந்த 75-ஐ ஒரு நாள் கூட பார்த்ததில்லை.

பயணி கொடுத்தது 100னு வைங்க. அதுல புக்கிங் கட்டணம் 12 முதல்லயே கம்பெனிக்குப் போயிடும். மிச்சம் 88. அதுல 25 சதவீதம், 22. என் கைக்கு வர்றது 66. எரிபொருள், வண்டித் தவணை, பிக்கப்புக்குக் காலியா ஓடின தூரம் எல்லாம் இந்த 66-க்குள்ள.

கணக்குப்பிள்ளை:
88-இல் 22 என்பது 25 சதவீதம். நீங்களே போட்ட கணக்கு. நான் சொன்னது சரி என்று நிரூபித்ததற்கு நன்றி.

ஸ்டியரிங்:
சார், நீங்க எழுதினது "100 கொடுத்தால் 75". 88 கொடுத்தான்னு எழுதலை.

கணக்குப்பிள்ளை:
புக்கிங் கட்டணம் கமிஷன் அல்ல. சர்வர், வாடிக்கையாளர் சேவை, காப்பீடு ஆகியவற்றுக்கான தனி வசூல். டிரைவர் பணத்திலிருந்து அதை எடுக்கவில்லை, அது முதலிலிருந்தே டிரைவர் பணம் இல்லை. 25 என்றால் 25.

மழைத்துளி:
தனி வசூலின் சரித்திரத்தையும் சொல்லுங்களேன். 2014-ல் ஊபர் அமெரிக்காவில் "பாதுகாப்பான பயணக் கட்டணம்" என்று ட்ரிப்புக்கு 1 டாலர் சேர்த்தது. விளம்பரத்தில் சொன்ன அளவுக்குப் பாதுகாப்புச் சோதனை இல்லை என்று வழக்கு வந்தது. 2016-ல் 2.85 கோடி டாலர் கொடுத்துத் தீர்க்க ஒப்புக்கொண்டார்கள். கூடவே பெயரையும் மாற்றினார்கள். என்ன பெயர்? புக்கிங் கட்டணம்.

கணக்குப்பிள்ளை:
வந்துட்டாங்க. போன மாதம் "போனில் பேட்டரி குறைந்தால் விலை ஏறும்" என்று ஊரையே பயமுறுத்தியவர்தானே நீங்கள்? 2016-ல் ஊபரின் பொருளாதார ஆய்வாளர் கீத் சென் சொன்னது, பேட்டரி தீரப்போகிறவர்கள் ஏறிய விலையையும் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது. அதை வைத்து விலை ஏற்றுவதில்லை என்றும் அவரே சொன்னார். இரண்டாவது பாதியை நீங்கள் விழுங்கிவிட்டீர்கள்.

மழைத்துளி:
விழுங்கவில்லை. பேட்டரி அளவு அவர்களுக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்றுதான் கேட்டேன். அதற்கு அன்றைக்கும் பதில் வரவில்லை.

பின்சீட்டு:
நான் பணம் கொடுக்கிற பக்கம். எனக்கு ஒரு சந்தேகம். போன வாரம் வண்டி கேட்டின் அந்தப் பக்கம் நின்றது, நான் இந்தப் பக்கம் நின்றேன். நடுவில் பூட்டின கேட். சுற்றிக்கொண்டு போய் ஏறினேன். இறங்கும்போது பில்லில் "காத்திருப்பு: 4 நிமிடம்". ஏறும் முன் ஒரு தொகை காட்டினார்களே, அதற்கு என்ன மதிப்பு?

ஸ்டியரிங்:
மேடம், அந்த டைமர் எங்க கையில இல்லை. பிக்கப் புள்ளிக்குப் பக்கத்துல வண்டி வந்ததும் ஜிபிஎஸ் பார்த்து தானே ஓட ஆரம்பிச்சிடும். முதல் சில நிமிஷம் சும்மா, அப்புறம் நிமிஷக் கணக்கு. கேட்டுல புள்ளியைச் சரியா நகர்த்தி வைச்சிருந்தா வந்திருக்காது.

பின்சீட்டு:
ஆக தப்பு என் மேலா? புள்ளியை ஆப்தான் வைத்தது, நான் வைக்கவில்லை.

ஸ்டியரிங்:
அதைத்தான் நானும் சொல்றேன், எல்லாம் அவங்க வைக்கறதுதான். கணக்குப்பிள்ளை சார், உங்க 25-க்கே வர்றேன். முன்னே அடிப்படைக் கட்டணம், கிலோமீட்டர், நிமிஷம் கூட்டி ட்ரிப் முடிஞ்சாதான் தொகை தெரியும். கூட்டம் அதிகமானா 1.8 மடங்குன்னு கண்ணுக்குத் தெரியற மாதிரி போடுவாங்க. 2016-ல் இருந்து ஊபர் ஏறுறதுக்கு முன்னாடியே தொகை காட்ட ஆரம்பிச்சது, மத்தவங்களும் அப்படியே. பல இடத்துல இப்ப பயணிக்கு ஒரு கணக்கு, டிரைவருக்கு வேற கணக்கு. ரெண்டுக்கும் முடிச்சே இல்லை. அப்ப 25 எங்கே இருந்து வரும்? ஒரு ட்ரிப்ல 15 போகும், அடுத்ததுல 40 போகும்.

முந்தாநாள் ஒரு அம்மா இறங்கும்போது "இவ்வளவுதானேப்பா?"ன்னு போனை நீட்டினாங்க. நானும் என் திரையைத் திருப்பிக் காட்டினேன். அவங்க 100 கட்டியிருந்தா எனக்கு 58, அந்தக் கணக்குதான். அவங்க கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடி பார்த்தாங்க. "மீதி எங்கே?"ன்னு என்னைக் கேட்டா நான் என்ன சொல்ல?

கணக்குப்பிள்ளை:
ஒரு ட்ரிப்பை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஒப்பந்தத்தில் 25 என்று இருந்தால் 25. 88-இல் 22. இதை எத்தனை முறை எழுதுவது?

மழைத்துளி:
எதன் மீது 25 என்பதுதானே கேள்வி? நியூயார்க்கில் வரியும் கட்டணங்களும் சேர்ந்த தொகை மீதே கமிஷன் பிடித்துவந்ததை 2017 மே மாதம் ஊபரே ஒப்புக்கொண்டது. டிரைவருக்குச் சராசரியாக 900 டாலர் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அங்கேயும் சதவீதத்தை யாரும் மாற்றவில்லை. அடியில் இருந்த தொகையைத்தான் மாற்றிப் பிடித்தார்கள்.

கணக்குப்பிள்ளை:
தவறு நடந்தது, திருப்பிக் கொடுத்தார்கள். அதோடு முடிந்தது. பேட்டரி மேடம் அடுத்து என்ன கொண்டுவருவார் என்று பார்ப்போம்.

ஸ்டியரிங்:
பெண்களைப் பட்டப்பேர் வைச்சுக் கூப்பிடாதீங்க சார், நல்லா இல்லை. திருப்பிக் கொடுத்தாங்கன்னா எடுத்தது நிஜம்னு அர்த்தம். நான் கேட்கறது ஒண்ணே ஒண்ணு. 100-ல 75-ஆ, 66-ஆ?

கணக்குப்பிள்ளை:
88-இல் 66. அதாவது 75 சதவீதம்.

ஸ்டியரிங்:
100-ல சார். நூறுல. பயணி பர்ஸைத் திறந்து எடுக்கறது நூறு. இந்த வாரத்து ட்ரிப் எல்லாத்தையும், புக்கிங் கட்டணம் தனியா, எனக்கு வந்தது தனியா எழுதி இங்கேயே போடறேன். சம்மதிச்ச பயணிங்க பில்லையும் சேர்த்துப் போடறேன். நீங்க கூட்டிப் பாருங்க.

கணக்குப்பிள்ளை:
போடுங்கள். புக்கிங் கட்டணத்தைக் கழித்துவிட்டுத்தான் கூட்டுவேன்.

பின்சீட்டு:
அந்த நாலு நிமிடக் காசு யாருக்குப் போனது என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.