கட்டட ஒலியியலில் பிஎச்டி: திருமலையிலிருந்து வந்திறங்கியவர்களுக்கு

கேள்வி: இங்கிலாந்தில் கட்டட ஒலியியல், சுற்றுச்சூழல் இரைச்சல் ஆய்வு தொடங்குகிறேன். திருமலைச் (இலங்கைத் திருகோணமலை) சத்தத்தையே தலைப்பாக எடுக்கலாமா? முதல் வருடத்தில் எதைக் கவனிக்க வேணும்?

பதில்: தலைப்பைப் பிறகு பார்க்கலாம் தம்பி, முதலில் கருவி. வகுப்பு 1 (துல்லியம் கூடிய தரம்) ஒலி மட்ட மானியைத் துறையிலேயே இரவல் எடுங்கோ, சொந்தக் காசில் வாங்க வேண்டாம். கைபேசிச் செயலியில் அளந்ததை எந்தச் சஞ்சிகையும் இலேசில் ஏற்காது. 1 கிலோஹேர்ட்ஸில் 94 டெசிபல் தரும் கலிப்ரேட்டரை (மானி சரியாகக் காட்டுதா என்று பார்க்கும் கருவி) அளவைக்கு முன்னும் பின்னும் மாட்டி, இரண்டு வாசிப்பையும் எழுதி வையுங்கோ. 0.5 டெசிபலுக்கு மேல் விலகினால் அன்றைய வேலை போச்சு, திரும்ப அளக்க வேண்டியதுதான்.

வெளியில் அளக்கும்போது மைக் நிலத்திலிருந்து 1.2 முதல் 1.5 மீற்றர் உயரத்தில், சுவரிலிருந்து குறைந்தது 3.5 மீற்றர் தள்ளி நிற்க வேணும். சுவருக்கு 1 மீற்றரில் வைத்தால் தெறிப்பு சேர்ந்து ஏறத்தாழ 3 டெசிபல் கூடும். அப்படி வைப்பது பிழையில்லை, வைத்ததை எழுதாமல் விடுவதுதான் பிழை. ஆய்வேடு எழுதும் நேரம் அந்த 3 டெசிபலைக் கழிப்பதா விடுவதா என்று தெரியாமல் முழுத் தரவும் முடங்கும்.

காற்று வினாடிக்கு 5 மீற்றரைத் தாண்டினால் அளக்க வேண்டாம். பஞ்சுறை போட்டாலும் மைக்கில் காற்றே உறுமும். திருமலையில் களவேலை என்றால் கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் பின்னேரங்களை நம்பாதேங்கோ, விடியற்காலை நல்லது. இரவில் பூச்சிச் சத்தம் பின்னணி அளவான எல்90ஐ (அளந்த நேரத்தில் 90 சதவீதம் சத்தம் இதற்கு மேல் இருக்கும்) தூக்கிவிடும். மொத்த டெசிபலை மட்டும் பதிந்தால் அதைப் பிரிக்க வழியில்லை. மூன்றிலொரு ஒக்டேவ் பட்டைகளாக, அதாவது அதிர்வெண் வாரியாகப் பிரித்துப் பதிந்தால் மேல் பட்டைகளை விலக்கிப் பார்க்கலாம்.

இன்னொருவர்: தலைப்பைப் பற்றி. எடுக்கலாம், தாராளமாக. ஆனால் "திருமலையில் சத்தம் கூட" என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. இங்கத்தைய நியமம் எங்கள் வீட்டுக்குப் பொருந்தாத இடத்தைப் பிடியுங்கோ.

ஒரு கணக்கு. வெளிச்சுவர் 10 சதுர மீற்றர், யன்னலுக்கு மேலே காற்றுக்காக விட்ட துவாரம் 0.5 சதுர மீற்றர் என்று வையுங்கோ. துவாரம் 5 சதவீதம். மிச்சச் சுவர் 45 டெசிபல் தடுத்தாலும் முழுச் சுவரும் 13 டெசிபலுக்கு மேல் தடுக்காது. சுவரைத் தடிப்பாக்கிப் பலனில்லை, துவாரத்தை அடைத்தால் உள்ளே வெக்கை தாங்காது. காற்றை விட்டுச் சத்தத்தை மறிப்பது எப்படி என்பதுதான் கேள்வி. அதற்குள்ளேயே மூன்று நாலு கட்டுரை இருக்கு.

அடுத்தது, இங்கே இரு வீடுகளுக்கு இடையிலான சுவரை அளந்தால், அறையின் எதிரொலி நேரம் (சத்தம் நின்ற பிறகு அறைக்குள் அது அடங்க எடுக்கும் நேரம்) 0.5 வினாடி என்று வைத்து முடிவைச் சீராக்குவார்கள். கார்பெட், திரைச்சீலை, சோபா உள்ள அறைக்கு அது சரி. ரைல்ஸ் நிலமும் சாந்து பூசின சுவருமாக இருக்கும் அறை தளபாடம் போட்ட பிறகும் 1 வினாடியிலேயே நின்றால், குடியிருப்பவருக்குக் கிடைக்கும் தடுப்பு, தாளில் உள்ள எண்ணை விட 3 டெசிபல் குறைவு. இங்கிலாந்தில் புது வீடுகளுக்கு இடையிலான சுவர் குறைந்தது தடுக்க வேண்டிய 45 டெசிபலை அப்படியே தூக்கி ஊருக்குப் பரிந்துரைக்கும் ஆய்வேடுகள் இந்த இடத்தில்தான் சறுக்கும்.

சட்டத்தை மேற்பார்வையாளர் கட்டாயம் கேட்பார். இலங்கையில் 1996ஆம் ஆண்டு இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் இருக்கு. நகரசபை எல்லைக்குள் பகலில் 63, இரவில் 50 டெசிபல். பிரதேச சபை எல்லையில் 55, 45. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் போன்றவற்றைச் சுற்றி 100 மீற்றர் அமைதி வலயம், அங்கே 50, 45. பொறி எங்கே என்றால், இலங்கை விதியில் இரவு பின்னேரம் 6 மணிக்கே தொடங்குது. தொழிற்சாலை, வணிக இடங்களின் சத்தத்தை மதிப்பிடும் பிரிட்டனின் பிஎஸ் 4142 நியமத்தில் இரவு 11க்குத்தான். கோயில் ஒலிபெருக்கி பின்னேரம் 7 மணிக்குப் போனால் அங்கே அது இரவுச் சத்தம், இங்கே பகல். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால் பரிசோதகர் விடமாட்டார்.

மூன்றாமவர்: தொழில் பக்கம் சுருக்கமாக. பிரிட்டனின் ஒலியியலாளர் அமைப்பான இன்ஸ்டிடியூட் ஒஃப் அக்குஸ்டிக்ஸில் மாணவ உறுப்பினராகச் சேருங்கோ. ஆலோசனை நிறுவனங்களின் ஆட்களைச் சந்திப்பது அங்கேதான், பல்கலைக்கழக வேலை கிடைக்காவிட்டால் போகும் வாசலும் அது. இன்டர்நொய்ஸ் என்ற சர்வதேச இரைச்சல் மாநாடு வருடாவருடம் நடக்கும், அங்கே ஒரு கட்டுரை போட்டுப் பழகிய பிறகு அப்ளைட் அக்குஸ்டிக்ஸ் போன்ற சஞ்சிகைக்கு அனுப்பலாம். பைதன் கணினி மொழி தெரியாமல் வந்திருந்தால் முதல் கோடை அதற்கே போகட்டும். இனித்தான் விசா எடுக்கப்போகும் தங்கச்சி தம்பிமார், ஏடிஏஎஸ் சான்றிதழ் (சில தொழில்நுட்பத் துறைகளில் படிக்க வெளிநாட்டவர் எடுக்க வேண்டிய பிரிட்டிஷ் அரச அனுமதி) தேவையா என்று இடம் கிடைத்த கடிதத்தில் பாருங்கோ. தேவையென்றால் அது கைக்கு வராமல் விண்ணப்பிக்க ஏலாது.

ஊருக்குக் கருவி கொண்டு போவதென்றால் லித்தியம் பற்றரி கைப்பையில். தொடர் எண்களோடு கருவிப் பட்டியலும் பல்கலைக்கழகக் கடிதமும் சுங்கத்துக்குக் காட்டக் கையில் இருக்கட்டும். பிரெட்ரிக் கோட்டை, கடற்படைத் தளம், சீனன்குடா விமான நிலையம் பக்கம் எழுத்தில் அனுமதி இல்லாமல் மைக் நாட்ட வேண்டாம். ஒலிப்பதிவுக் கருவி என்று கண்டால் விளக்கிச் சொல்லியே நாள் போய்விடும். மனிதப் பேச்சு பதிவாகும் இடமென்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை விமானச் சீட்டுக்கு முன்னமே எடுங்கோ.