டிசி 4 சைக்கிளா, ஏசி போட்டு அப்புறம் பேக்லிடாக்சலா? வியாழனுக்குள்ள சொல்லணும்

தையல்மெஷின்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 44 வயசு, பீரியட்ஸ் இன்னும் நிக்கல. இடது மார்புல கேன்சர், 2.3 செமீ கட்டி, ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு, அக்குள்ல எடுத்த நோடுல, அதாவது நிணநீர் முடிச்சுல, ஒண்ணுல மட்டும் கேன்சர் இருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. ஈஆர் பிஆர் பாசிட்டிவ், அதாவது ஹார்மோனால வளர்ற வகை, ஹெர்2ங்கற புரதம் நெகட்டிவ், கிரேடு 2. டாக்டர் கீமோவுக்கு ரெண்டு வழி சொன்னாங்க. ஒண்ணு டிசி, அதாவது டோசிடாக்செல் சைக்ளோபாஸ்பமைடு, மூணு வாரத்துக்கு ஒண்ணா நாலு. இன்னொண்ணு ஏசி, அதாவது டாக்ஸோரூபிசின் சைக்ளோபாஸ்பமைடு, நாலு, அப்புறம் வாரா வாரம் பேக்லிடாக்சல் 12. "ரெண்டுமே உங்களுக்கு சரிதான், யோசிச்சு சொல்லுங்க"ன்னு அனுப்பிட்டாங்க. நோய் திரும்ப வர வாய்ப்பு எவ்வளவுன்னு பாக்க கட்டியை ஒரு ஜீன் டெஸ்டுக்கும் அனுப்பிருக்காங்க, ரிசல்ட் வரல. நான் தையல் வேலை பண்றவ, விரல்தான் எனக்கு எல்லாம். ரெண்டுல ஒண்ணு போட்டவங்க என்ன ஆச்சுன்னு சொல்லுங்க ப்ளீஸ், ராத்திரி தூக்கமே வரல.

வானம்பாடி69:
கண்ணு, யோசிக்கவே வேணாம், டிசி எடு. நான் 2016ல அதைத்தான் போட்டேன், எனக்கு நோடு இல்ல, மத்ததெல்லாம் உன் மாதிரிதான், இன்னைக்கு வரைக்கும் நல்லா இருக்கேன். முடி கொட்டுச்சு, நகம் கறுத்துச்சு, கால் வீங்குச்சு, எல்லாம் போயிடுச்சு. அந்த செவப்பு மருந்து, டாக்ஸோரூபிசின், மட்டும் வேணாம்மா. என் தங்கச்சிக்கு அதை போட்டாங்க, முடிஞ்சு ஒரு வருஷத்துல மாடி ஏறினா மூச்சு வாங்குது, எக்கோ பாத்தா இதயத்தோட பம்பிங் 40 சதவீதம்தான். கேன்சர்லேர்ந்து தப்பிச்சு ஹார்ட் பேஷன்ட் ஆனா அது என்ன வைத்தியம்? டிசிதான் ஏசியை விட நல்லதுன்னு ஸ்டடியே இருக்கு, ஆயிரம் பேருக்கு மேல வெச்சு பண்ணது, 7 வருஷம் கழிச்சும் டிசிதான் முன்னாடி.

கருவேலமரம்:
வானம்பாடி மேடம், மன்னிக்கணும், இதை இப்படியே விட்டா இவங்க தப்பா முடிவு எடுத்துருவாங்க. நீங்க சொல்ற ஸ்டடி 2006ல வந்தது, அதுல டிசி நாலுக்கு எதிரா வெச்சது வெறும் ஏசி நாலு. பின்னாடி பேக்லிடாக்சல் கிடையாது. இவங்களுக்கு டாக்டர் சொன்னது அது இல்லையே, ஏசியும் அதுக்கப்புறம் பேக்லிடாக்சலும். அந்த மாதிரி முழு கோர்ஸையும் டிசி ஆறு சைக்கிளையும் நேருக்கு நேர் வெச்சு பாத்தது ஏபிசி ட்ரையல்ஸ், 2017ல வந்துச்சு, 4 வருஷத்துல நோய் திரும்பாம இருந்தவங்க டிசில 88.2 சதவீதம், ஆந்த்ராசைக்ளின், அதாவது டாக்ஸோரூபிசின் வகை மருந்து, சேத்த பக்கம் 90.7. அப்புறம் 2023ல லேன்செட்ல பழைய ட்ரையல் எல்லாத்தையும் சேத்து பாத்தாங்க, டாக்சேனோட (டோசிடாக்செல், பேக்லிடாக்சல் வகை) ஆந்த்ராசைக்ளினும் சேந்தா நோய் திரும்பறது சராசரியா 14 சதவீதம் குறையுது. நோடுல வந்திருக்கு, இவங்க 44 வயசு, இன்னும் நாப்பது வருஷம் வாழணும். என் மனைவிக்கு அந்த செவப்பு மருந்துதான் போட்டோம், ஒவ்வொரு சைக்கிளும் நரகம்தான், ஒத்துக்கறேன், ஆனா அஞ்சு வருஷம் ஆச்சு, என் பக்கத்துல உக்காந்திருக்கா. முதல் அடியே பலமா அடிக்கணும், ரெண்டாவது சான்ஸ் எல்லாருக்கும் கிடைக்காது.

வானம்பாடி69:
சார், அந்த 14 சதவீதம்ங்கறத அப்படியே சொன்னா பயமா இருக்கும். நூறு பேர்ல பதினாலு பேர்னு நெனச்சுப்பாங்க. திரும்ப வர வாய்ப்பு ஏற்கனவே 15 சதவீதம்னா அதுல ஏழுல ஒரு பங்கு, அதாவது ரெண்டு சதவீதம். நூறு பேருக்கு செவப்பு மருந்து போட்டா ரெண்டு பேருக்கு உபயோகம், ஆனா அவஸ்தை நூறு பேருக்கும். இதை சொல்லாம நம்பரை வீசக்கூடாது.

கருவேலமரம்:
அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் உங்க வீட்டு ஆளா இருந்தா அது நூத்துக்கு நூறு மேடம். சரி, உங்க தங்கச்சி விஷயம் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அவங்களுக்கு ஹெர்2 பாசிட்டிவா? அதுக்கான ஹெர்செப்டின் ஊசி போட்டாங்களா?

வானம்பாடி69:
ஆமா, வருஷம் முழுக்க போட்டாங்க. அதுக்கும் இதுக்கும் என்ன?

வார்டுக்காரி:
நான் கீமோ வார்டுல 11 வருஷமா நர்ஸ், இங்க அதிகம் எழுத மாட்டேன், ஆனா இதுக்கு எழுதியே ஆகணும். வானம்பாடிக்கா, அதுக்கும் இதுக்கும் நிறைய இருக்கு. டாக்ஸோரூபிசினும் ஹெர்செப்டினும் ஒண்ணுக்கப்புறம் ஒண்ணு போனா இதயத்துக்கு சுமை கூடும். ஹெர்2 பாசிட்டிவ் ஆளுங்கள வெச்சு பண்ண பெரிய ட்ரையல் 2011ல வந்துச்சு, ஏசி முடிச்சு டாக்சேனும் ஹெர்செப்டினும் போட்டவங்கள்ல 2 சதவீதம் பேருக்கு ஹார்ட் ஃபெயிலியர், டாக்ஸோரூபிசின் இல்லாம கார்போபிளாட்டின் வெச்சு போட்டவங்கள்ல 0.4 தான். உங்க தங்கச்சிக்கு நடந்தது நெசம், அந்த வலியும் நெசம், ஆனா தையல்மெஷினுக்கு ஹெர்2 நெகட்டிவ், ஹெர்செப்டின் கிடையாது. டாக்ஸோரூபிசின் ஒரு தடவைக்கு சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம், நாலு தடவைக்கு 240. இதயத்துக்கு ஆபத்து வேகமா ஏறுறது 450, 550ன்னு போகும்போது. அதுக்காக 240ல ஒண்ணுமே ஆகாதுன்னு இல்ல, சிலருக்கு ஆகும், பிபி, சுகர், வயசு, இடது பக்க ரேடியேஷன் எல்லாம் சேந்து கூட்டும், அதனாலதான் முதல்ல எக்கோ எடுக்கறோம்.

கருவேலமரம் சார், உங்க மனைவிக்கு ட்ரிபிள் நெகட்டிவ், அதாவது ஈஆர், பிஆர், ஹெர்2 மூணுமே நெகட்டிவ்தானே? போன வருஷம் நீங்களே எழுதியிருக்கீங்க. அதே ஏபிசி ட்ரையல்ஸ்ல உள்ள பிரிச்சு பாத்தா ஆந்த்ராசைக்ளினோட லாபம் பெருசா தெரிஞ்சது ஹார்மோன் நெகட்டிவ் ஆளுங்ககிட்ட, அதுலயும் நோடுல வந்தவங்ககிட்ட. ஹார்மோன் பாசிட்டிவ், நோடு இல்லன்னா லாபமே தெரியல. ஹார்மோன் பாசிட்டிவ்ல ஒண்ணுலேர்ந்து மூணு நோடு இருந்தா லாபம் இது ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கு, சின்ன வித்தியாசம். ஜெர்மனில பிளான்பின்னு ஒரு ட்ரையல், ஹெர்2 நெகட்டிவ் ஆளுங்கள மட்டும் வெச்சு, ஆந்த்ராசைக்ளின் பக்கமும் டிசி ஆறும் 5 வருஷத்துல நோய் திரும்பாம இருந்தவங்க ரெண்டுலயுமே கிட்டத்தட்ட 90 சதவீதம். நீங்க ரெண்டு பேரும் உங்க வீட்ல பாத்த நோயை வெச்சு பேசறீங்க, அது வேற நோய். பேரு மட்டும்தான் ஒண்ணு.

ஒற்றைச்சிறகு:
எல்லாரும் இதயத்தையே பேசறீங்க, அவங்க மொத பதிவுலயே "விரல்தான் எனக்கு எல்லாம்"னு எழுதியிருக்காங்க, ஒருத்தர் கூட அதை தொடல!! எனக்கு ஏசி நாலு நல்லாத்தான் போச்சு, வாந்தி கூட மாத்திரைல அடங்கிடுச்சு, பேக்லிடாக்சல் ஏழாவது வாரத்துல விரல் நுனி மரத்துப்போச்சு. சொன்னா டோஸ் குறைச்சிருவாங்களோ, குறைச்சா திரும்ப வந்துருமோன்னு பயந்து பல்ல கடிச்சிட்டு பன்னெண்டும் போட்டேன். ரெண்டரை வருஷம் ஆச்சு. சட்டை பட்டன் போட கண்ணால பாத்துதான் போடறேன், விரலுக்கு பட்டன் தெரியாது. கால்ல செருப்பு கழண்டு விழுந்தது தெரியாம நாலு அடி நடந்திருக்கேன். நீ ஊசில நூல் கோக்கறவ. எனக்கு யாரும் ஒரு வார்த்தை முன்னாடி சொல்லல, நான் உனக்கு சொல்றேன்.

கருவேலமரம்:
உங்களுக்கு நடந்தது கஷ்டமா இருக்கும்மா. ஆனா எல்லாருக்கும் அப்படி ஆகாது, நிறைய பேர் சில மாசத்துல தேறிடறாங்க. டோசிடாக்செல்லயும் மரத்துப்போகும்.

ஒற்றைச்சிறகு:
டோசிடாக்செல்ல குறைவு சார். வாரா வாரம் பேக்லிடாக்சல் போட்டா நோய்க்கு நல்லது, மூணு வாரத்துக்கு ஒருதடவை போடறதை விட உயிர் பொழைக்கறவங்க அதிகம்னு 2008ல வந்த ட்ரையல் சொல்லுது, அதே ட்ரையல்தான் 27 சதவீதம் பேருக்கு ஓரளவாவது மரத்துப்போச்சு, மூணு வாரத்துக்கு ஒருதடவை போட்டவங்கள்ல 20ன்னும் சொல்லுது. நாலுல ஒருத்தருக்கு மேல. அந்த ஒருத்தர் தையல்காரியா இருந்தா என்ன பண்ணுவா?

வார்டுக்காரி:
ஒற்றைச்சிறகு சொல்றத ஒவ்வொருத்தரும் படிக்கணும். மரத்துப்போறத மறைக்காதீங்க, இதை நான் தினம் பாக்கறேன், "நல்லா இருக்கீங்களா"ன்னு கேட்டா "நல்லா இருக்கேன் சிஸ்டர்"னு சொல்லிட்டு ஊசி ஏத்திட்டு போயிடறாங்க. பட்டன், சாவி, பேனா இதுல தடுமாறினா அன்னைக்கே சொல்லணும், டோஸ் குறைக்கலாம், தள்ளி வெக்கலாம், நிறுத்தக்கூட செய்யலாம், அதை முடிவு பண்றது டாக்டர் வேலை, சொல்றது உங்க வேலை. மருந்து ஏறும்போது ஐஸ் கையுறை போட்டா சிலருக்கு குறையுது, உங்க சென்டர்ல இருக்கான்னு கேளுங்க.

டிசிக்கும் ஒரு பக்கம் இருக்கு, வானம்பாடிக்கா அதை சீக்கிரம் தாண்டிட்டாங்க. வெள்ளை அணு நல்லா இறங்கும், ஏழாவது நாள்லேர்ந்து பத்து நாள் வாக்குல ரொம்ப கீழ இருக்கும், அப்போ காய்ச்சல் வந்தா அது சாதாரண காய்ச்சல் இல்ல. தெர்மாமீட்டர்ல 100.4 காட்டினா பாராசிட்டமால் போட்டு காலைல பாக்கலாம்னு இருக்காம ராத்திரி ரெண்டு மணியானாலும் எமர்ஜென்சிக்கு போகணும். இதனால பெரும்பாலும் மறுநாளே வெள்ளை அணு ஏத்தற ஊசி போடுவாங்க, அதுல இடுப்பெலும்பு, தொடையெலும்பு எல்லாம் குடையும். இன்னொண்ணு, டோசிடாக்செல்ல சிலருக்கு முடி பழையபடி திரும்பி வர்றதே இல்ல. குறைவான பேர்தான், ஆனா இருக்கு, அமெரிக்கால 2015ல மருந்தோட லேபிள்லயே சேத்தாங்க. முடி கொட்டாம இருக்க போடற குளிர் தொப்பி கிடைச்சா டாக்சேனுக்கு ஓரளவு வேலை செய்யும், செவப்பு மருந்துக்கு அவ்வளவா இல்ல.

வானம்பாடி69:
ஆமாம்மா, நான் சொல்லிருக்கணும். மூணாவது சைக்கிள்ல 102 காய்ச்சல், நாலு நாள் அட்மிட் ஆனேன். முடி விஷயமும் சரிதான், முன்ன இருந்ததுல பாதிதான் இருக்கு, உச்சந்தலை தெரியும். தங்கச்சிக்கு ஹெர்செப்டின்தான் சேந்து பண்ணிருக்குன்னு இன்னைக்குத்தான் எனக்கு புரியுது, இத்தனை வருஷமா ஒரே மருந்தை திட்டிட்டு இருந்தேன். இருந்தாலும் டிசி போதும்னுதான் இன்னும் சொல்றேன், இவளுக்கு ஹார்மோன் மாத்திரை வேற இருக்கு, அதுதான் பாதி வேலை பண்ணும்.

கருவேலமரம்:
நான் மாத்திக்கல. ஒரு நோடுன்னாலும் நோடுதான். ஆனா வார்டுக்காரி சொன்னது ஒண்ணு நியாயம், என் மனைவிக்கு ஹார்மோன் மாத்திரைன்னு ஒரு ரெண்டாவது காவல் கிடையாது, கீமோ ஒண்ணுதான் எங்களுக்கு இருந்துச்சு, அந்த பயத்துலேர்ந்துதான் நான் எழுதறேன். தையல்மெஷின், நாளைக்கு டாக்டர்கிட்ட "என் ரிப்போர்ட்டை வெச்சு பாத்தா நூறு பேர்ல எத்தனை பேருக்கு அந்த செவப்பு மருந்து கூடுதலா உதவும்"னு நம்பரா கேளுங்க. சதவீதம் குறையுதுன்னு சொன்னா விடாதீங்க, ஆளா எண்ணி சொல்ல சொல்லுங்க.

தையல்மெஷின்:
எல்லாருக்கும் பதில் எழுத லேட் ஆயிடுச்சு. நேத்து போயிட்டு வந்தேன். ஜீன் டெஸ்ட் ஸ்கோர் 21 வந்திருக்கு. பீரியட்ஸ் நின்னவங்களா இருந்தா ஒண்ணுலேர்ந்து மூணு நோடு வரைக்கும் 25க்குள்ள ஸ்கோர் இருந்தா கீமோவே தேவைப்படாம போகலாமாம், 2021ல அப்படி ஒரு ட்ரையல் வந்திருக்காம். என் மாதிரி பீரியட்ஸ் இருக்கறவங்களுக்கு அதுலயே கீமோ போட்டா 5 வருஷத்துல கிட்டத்தட்ட 5 சதவீதம் லாபம் தெரிஞ்சிருக்கு. அது கீமோ நேரா செஞ்சதா, இல்ல கீமோவால சினைப்பை அடங்கி ஹார்மோன் குறைஞ்சதாலயான்னு டாக்டருங்களுக்குள்ளயே வாதம் ஓடுதாம். அதனால டாக்டர் "கீமோ வேணாம்னு சொல்ல மாட்டேன், ஆனா செவப்பு மருந்து சேத்தா உங்களுக்கு கூடுதலா கிடைக்கறது நூறுல ஒண்ணு ரெண்டு பேர் அளவுதான்"னு கருவேலமரம் சார் சொன்ன மாதிரியே எண்ணி சொன்னாங்க.

எக்கோ பம்பிங் 62, இதயத்தால தடை இல்ல. நான் விரலை சொன்னேன். ஒற்றைச்சிறகு அக்காவோட பட்டன் கதையை அப்படியே சொன்னேன், டாக்டர் பேனாவை கீழ வெச்சிட்டு கேட்டாங்க. கடைசில டிசி நாலுன்னு முடிவு பண்ணிருக்கேன், முடிஞ்சதும் ரேடியேஷன், அப்புறம் ஹார்மோன் மாத்திரையோட சினைப்பையை அடக்கற ஊசியும். சார், உங்களுக்கு இது பிடிக்காதுன்னு தெரியும்.

கருவேலமரம்:
பிடிக்கறது பிடிக்காதது இல்லம்மா. நான் உங்க இடத்துல இருந்தா அதை எடுத்திருப்பேன், இப்பவும் சொல்றேன். ஆனா நீங்க கேட்டு, எண்ணி, எடுத்திருக்கீங்க. அந்த ஊசியையும் மாத்திரையையும் மட்டும் நடுவுல நிறுத்தாதீங்க, மூட்டுவலி, உடம்பு சூடுன்னு நிறைய பேர் ரெண்டு வருஷத்துல விட்டுடறாங்க. உங்க லாபத்துல பெரும்பங்கு அங்கதான் இருக்கு.

வார்டுக்காரி:
தையல்மெஷின், ஸ்டெராய்டு மாத்திரை எழுதி குடுத்திருக்காங்களா? டோசிடாக்செல்லுக்கு முந்தின நாளே ஆரம்பிக்கணும், வழக்கமா டெக்ஸாமெத்தசோன் 8 மில்லிகிராம் காலை ராத்திரின்னு மூணு நாள், உங்க சீட்டுல எப்படி இருக்கோ அப்படி. அலர்ஜியும் கால் வீக்கமும் அதுலதான் அடங்கும். மறந்துட்டு வந்தா அன்னைக்கு மருந்து ஏத்த மாட்டோம், திருப்பி அனுப்பிருவோம்.

தையல்மெஷின்:
குடுத்திருக்காங்க சிஸ்டர், நீங்க சொன்ன அதே அளவு. வியாழன் காலைல 9 மணிக்கு வர சொல்லிருக்காங்க, அப்போ புதன் காலைலேர்ந்து மாத்திரை. தெர்மாமீட்டரும் வாங்கிட்டேன், தலகாணி பக்கத்துல வெச்சிருக்கேன். ஒற்றைச்சிறகு அக்கா, டோசிடாக்செல்லுக்கும் ஐஸ் கையுறை தருவாங்களாம், கேட்டுட்டேன்.

ஒற்றைச்சிறகு:
ஒவ்வொரு சைக்கிள் முடிஞ்சதும் ஊசில நூல் கோத்து பாரு, எத்தனை தடவைல கோக்க முடிஞ்சதுன்னு தேதி போட்டு எழுதி வை. அந்த நோட்டை டாக்டர்கிட்ட காட்டு.