காது, மூக்கு, தொண்டை மருத்துவர்களிடம் நமக்கு நேர்ந்தவை: கடலூர், புதுச்சேரி அனுபவங்கள்

செம்மண்டலத்திலிருந்து:

மருத்துவர்களிடம் கண்ட அனுபவங்களை நாம் பகிர்ந்துகொள்ளும் இந்தப் பகுதியில் இதுவரை பலரும் மூக்குத் தண்டு வளைவையும் சைனசையும் பற்றி எழுதிவிட்டீர்கள். நான் என் கணவரின் இடது காதைப் பற்றி எழுதுகிறேன். காலையில் எழுந்தவர் கைப்பேசியை அந்தக் காதில் வைத்துக்கொண்டு, "பேசும்மா, ஏன் பேச மாட்டேன் என்கிறாய்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வலது காதுக்கு மாற்றிய பிறகுதான் எங்கள் மகள் அவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது.

அன்று மாலையே ஒரு தனியார் மருத்துவமனைக்குச் சென்றோம். நேற்று இரவு வரை நன்றாகக் கேட்டது, இன்று காலையிலிருந்து கேட்கவில்லை, உள்ளே இரைச்சல் மட்டும் இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மருத்துவர் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, சளி அடைத்திருக்கிறது, கொஞ்சம் அழுக்கும் இருக்கிறது என்று கூறி, சொட்டு மருந்தும் சளி மாத்திரையும் எழுதிக் கொடுத்து, மருந்து தீர்ந்ததும் வரச் சொன்னார். மருந்து தீர்ந்தும் கேட்கவில்லை.

பிறகு உறவினர் ஒருவர் சொல்லிப் புதுச்சேரியில் வேறொரு மருத்துவரைப் பார்த்தோம். அவர் இழுப்பறையிலிருந்து பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்கும் அதே இசைக்கவையை எடுத்து, தம் முழங்கையில் தட்டி, அதன் அடிப்பகுதியை என் கணவரின் நெற்றி நடுவில் வைத்து, "சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது?" என்றார். வலது பக்கம் என்று இவர் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களிடம் விளக்கினார். அழுக்கோ சளியோ அடைத்திருந்தால் அடைத்த காதின் பக்கமே ஒலி கூடுதலாகக் கேட்கும். நல்ல காதின் பக்கம் கேட்டால் உள்காதோ நரம்போ பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அப்போதே ஆடியோகிராம் எனும் கேட்கும் திறன் சோதனை எடுக்க அனுப்பினார். 72 மணி நேரத்துக்குள் இப்படிக் கேட்கும் திறன் இறங்குவதை அவசரமாகக் கருத வேண்டும், ஸ்டீராய்டு மருந்தை முதல் 2 வாரங்களுக்குள், முடிந்தால் முதல் சில நாட்களிலேயே, தொடங்கினால்தான் பலன் கூடுதலாக இருக்கும் என்றார். நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்று உறுதிப்படுத்த எம்.ஆர்.ஐ. எடுத்தோம், மாத்திரையோடு செவிப்பறை வழியாக ஊசியும் போட்டார்கள். பாதியளவு திரும்பியிருக்கிறது. முன்பே தொடங்கியிருந்தால் மறுபாதியும் திரும்பியிருக்குமோ என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த இசைக்கவைச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை என்பதுதான் என்னை உறங்கவிடாமல் வைத்திருக்கிறது.

முத்தியால்பேட்டையிலிருந்து:

என்னுடையது நல்ல அனுபவம். மத்தி மீன் முள் தொண்டையில் சிக்கிக்கொண்டது. வீட்டில் எல்லோரும் சோற்றை உருட்டி விழுங்கச் சொன்னார்கள், வாழைப்பழம் கொடுத்தார்கள். குத்தல் கூடியதே தவிரக் குறையவில்லை. இரவு பணியில் இருந்த மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, முள் இல்லை, கீறல்தான், தானாக ஆறிவிடும் என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் பார்த்த தொண்டை மருத்துவர் அந்த எக்ஸ்ரேயைக் கையில்கூட வாங்கவில்லை. மெல்லிய மீன் முள் பல நேரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாது என்றார். "குத்தும் இடத்தை ஒரே விரலால் கழுத்தின் மேல் காட்டுங்கள்" என்றார். தாடைக்குக் கீழே வலப்புறம் காட்டினேன். என் நாக்கின் நுனியைத் துணியால் சுற்றிப் பிடித்து, மரத்துப்போகும் மருந்தைத் தொண்டையில் தெளித்து, நீளக் காம்புள்ள சிறு கண்ணாடியை, பனி படியாமல் இருப்பதற்காக ஸ்பிரிட் விளக்கில் சற்றுச் சூடேற்றித் தம் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, உள்ளே நுழைத்தார். முள் வலது டான்சிலில் செருகியிருந்தது. நீண்ட இடுக்கியால் அவர் அதை எடுத்து வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டியபோது, இவ்வளவு சிறியதா அவ்வளவு பாடுபடுத்தியது என்று வியந்தேன். அவர் புறங்கையில் சூடு பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

செம்மண்டலத்துச் சகோதரியின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் முதலில் பார்த்த மருத்துவரை முழுவதுமாகக் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மாலை நேரத்தில் அந்த மருத்துவமனைகளில் நிற்கும் கூட்டத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காது அடைத்திருக்கிறது என்று வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அழுக்கோ சளியோதான் காரணமாக இருக்கிறது. என் தந்தைக்கும் அப்படித்தான். நீரைப் பீய்ச்சி எடுத்ததும் சரியாகிவிட்டது.

இதோடு தொடர்புடைய சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். நம் கடலோர ஊர்களில் மழைக்காலம் வந்தால் காதில் பூஞ்சை பிடிப்பது மிகுதி. அரிக்கிறது என்று தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றாதீர்கள். காதில் ஈரமும் எண்ணெயும் தங்கினால் பூஞ்சை இன்னும் வளரும். மருத்துவர் உறிஞ்சி எடுக்கும்போது நனைந்த பஞ்சு போல வெள்ளையாகவும், நடுவில் கறுப்புப் புள்ளிகளோடும் வருவது அதுதான். பட்ஸ் குச்சி அழுக்கை எடுப்பதில்லை, உள்ளே தள்ளுகிறது. நீர் பீய்ச்சுபவர் உடல் வெப்பமான 37 டிகிரி அளவுக்கு நீரை வெதுவெதுப்பாக்கியிருக்கிறாரா என்று கேளுங்கள்; அதைவிடக் குளிர்ந்தாலும் சூடானாலும் தலை சுற்றும். செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு நீர் பீய்ச்சக் கூடாது. நீரிழிவு உள்ள முதியவர்களுக்கு இரவில் உறங்கவிடாத காது வலி வந்தால் சாதாரணச் சீழ் என்று எண்ணி வீட்டில் வைத்திருக்காதீர்கள். காதுக் குழாயில் தொடங்கும் தொற்று எலும்பு வரை பரவக்கூடும்.

செம்மண்டலத்திலிருந்து:

மஞ்சக்குப்பத்து ஐயாவுக்கு: காது அடைத்திருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. நேற்றுக் கேட்ட காது இன்று கேட்கவில்லை என்று சொன்னோம். அழுக்கு கொஞ்சம்தான் இருக்கிறது என்று அவரே சொன்னார். அந்தக் கொஞ்சம் அழுக்கு எப்படிக் காதை முழுவதுமாக மூடும் என்று அவர் தம்மையே கேட்டிருக்க வேண்டாமா?

வில்லியனூரிலிருந்து:

என் அக்காள் மகனுக்கு 3 வயது. ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் நாற்றத்தோடு கறுப்புக் கலந்த சளி வந்தது. அருகிலுள்ள மருத்துவமனையில் மூக்கைப் பார்க்காமலே ஆன்டிபயாடிக்கும் மூக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். குழந்தை சாப்பாட்டை நிறுத்திய பிறகு கோரிமேட்டுக்கு, ஜிப்மர் அரசு மருத்துவமனைக்கு, எடுத்துச் சென்றோம். அங்கிருந்த இளம் பெண் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு பக்கம் மட்டுமா?" என்பது. அக்காள் ஆமாம் என்றதும், குழந்தையை மடியில் வைத்துத் தலையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குக் காட்டிவிட்டு, தலைவிளக்கைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பொம்மைக் காரின் ரிமோட்டில் இருந்த பட்டன் பேட்டரி உள்ளே இருந்தது.

குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் நாற்றமுள்ள சளி வந்தால், இல்லை என்று உறுதியாகும்வரை உள்ளே ஏதோ பொருள் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்று அவர் எங்களுக்குச் சொன்னார். பேட்டரி ஈரத்தில் பட்டதும் மின்னோட்டம் உண்டாகிக் காரம் உருவாகித் தசையை அரிக்கும். அந்த அரிப்பு சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். அதனால்தான் பேட்டரி இருக்கும் மூக்கில் சொட்டு மருந்தும் விடக் கூடாதாம். எங்கள் குழந்தைக்கு விட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். மயக்க மருந்து கொடுத்துப் பேட்டரியை எடுத்துவிட்டார்கள்; ஆனால் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்துவிட்டது. மஞ்சக்குப்பத்து ஐயா கூட்டத்தைக் காரணமாகச் சொல்கிறார். ஜிப்மரில் இருக்கும் கூட்டத்தை அவர் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

நெல்லிக்குப்பத்திலிருந்து:

கூட்டத்தைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். படுக்கையில் வலப்புறம் புரண்டால் வீடே சுழலும். மாதக்கணக்கில் தலைச்சுற்றல் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன். கடைசியாகக் கடலூரில் நான் பார்த்த மருத்துவரின் வாசலிலும் நிற்க இடமில்லை. அவர் என்னைக் கட்டிலில் உட்கார வைத்து, தலையை வலப்புறம் திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்து, கண்களை மூடாதீர்கள் என்று சொல்லி என் விழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். விழி துடித்ததைக் கண்டதும், உள்காதில் இருக்கும் சுண்ணாம்புப் படிகங்கள் இடம் பெயர்ந்து, தலையின் அசைவை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் விழுந்திருக்கின்றன என்றார். அங்கேயே தலையை இடப்புறம் திருப்பி, உடலையும் அதே பக்கம் புரட்டி, ஒவ்வொரு நிலையிலும் சிறிது நேரம் பிடித்து வைத்திருந்து, மெல்ல எழுப்பி உட்கார வைத்தார். எப்லி முறை என்று பெயர் சொன்னார். எல்லாத் தலைச்சுற்றலுக்கும் இது பொருந்தாது, பேச்சு குழறினாலோ கைகால் தளர்ந்தாலோ உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்லி, மாத்திரைகளை நிறுத்தச் சொன்னார். எல்லாம் சில நிமிடங்கள்தாம். வெளியே காத்திருந்தவர்களில் யாரும் முணுமுணுக்கவில்லை.